பிரிந்தவர்கள் சேர்ந்து பாடிய 'ரூமர்ஸ்' எப்படி உருவானது?

ஃப்ளீட்வுட் மேக் குழுவின் 'ரூமர்ஸ்' ஆல்பத்தைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் பேச்சு காதல் முறிவில்தான் போய் நிற்கும். யார் யாரை விட்டு விலகினார், எந்தப் பாட்டு யாரைக் குத்திக் காட்டுகிறது, ஒரே அறையில் அவர்கள் எப்படி ஒருவர் முகத்தில் ஒருவர் விழித்தார்கள் என்று கதை நீளும். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தக் கதையை வைத்து வரிகளுக்குத்தான் விளக்கம் சொல்ல முடியும், ஒலிக்கு முடியாது. மனமுடைந்து பாட்டெழுதியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் எல்லோருடைய இசைத்தட்டும் ஐம்பது வருடம் கழித்துக் கேட்கும்போது இத்தனை துல்லியமாக, இத்தனை நெருக்கமாகக் காதில் விழுவதில்லை. ஏறத்தாழ ஒரு வருடம் டேப்போடும் பிளேடோடும் மல்லுக்கட்டி, போட்டதைக் கலைத்து, கலைத்ததைத் திரும்பப் போட்டு உருவாக்கிய ஆல்பம் இது. அந்த உழைப்பின் கதை கிசுகிசுவை விடச் சுவையானது என்பது என் கட்சி.

முதலில் குழுவைப் பற்றிக் கொஞ்சம். 1967-இல் லண்டனில் ப்ளூஸ் வாசிக்கும் குழுவாகத் தொடங்கியது ஃப்ளீட்வுட் மேக். டிரம்ஸ் வாசித்த மிக் ஃப்ளீட்வுட், பேஸ் கிட்டார் வாசித்த ஜான் மெக்வீ ஆகிய இருவர் பெயரிலிருந்தும் வந்ததுதான் குழுவின் பெயர். கிட்டார் கலைஞர்கள் வந்தார்கள், போனார்கள். இந்த இருவர் மட்டும் நிலைத்தார்கள். ஜானின் மனைவி கிறிஸ்டின் மெக்வீ கீபோர்டு வாசிக்கவும் பாடவும் வந்து சேர்ந்தார். பிறகு குழு கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தது. 1974-இன் கடைசியில் மிக் ஃப்ளீட்வுட் அடுத்த ஆல்பத்துக்கு ஸ்டுடியோ தேடி லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் உள்ள சவுண்ட் சிட்டிக்குப் போனார். அங்கே ஒலி எப்படி இருக்கிறது என்று காட்டத் தயாரிப்பாளர் கீத் ஓல்சன் ஒரு பாட்டைப் போட்டுக் காட்டினார். மிக்கின் மனத்தில் ஸ்டுடியோவை விட அந்தக் கிட்டார்தான் நின்றது. வாசித்தவர் லிண்ட்சே பக்கிங்ஹாம். அவரைக் குழுவுக்கு அழைத்தபோது, தன் காதலி ஸ்டீவி நிக்ஸும் சேர்ந்து வந்தால்தான் வருவேன் என்றார். இருவரும் வந்தார்கள்.

இந்த ஐவர் கூட்டணியின் முதல் ஆல்பம் 1975-இல் வெளியானது. அது மெல்ல மெல்லத்தான் ஏறியது. ஓயாத சுற்றுப்பயணத்தின் பலனாக, ஒரு வருடத்துக்கும் மேல் கழித்து 1976 செப்டம்பரில் அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. அதாவது அடுத்த ஆல்பத்தின் பதிவு நடந்துகொண்டிருந்த மாதங்களில் முந்தைய ஆல்பம் விற்றுக்கொண்டே இருந்தது. 'ரூமர்ஸ்' இத்தனை காலம் எடுத்துக்கொள்ள முடிந்ததற்கு இது பெரிய காரணம். கையில் காசு இருந்தது, அவசரப்படுத்த இசைத்தட்டு நிறுவனத்துக்கும் மனம் வரவில்லை. போதாததற்கு அந்தக் காலத்தில் குழுவுக்கு வெளியார் மேலாளர் கிடையாது, மிக் ஃப்ளீட்வுட்டே நிர்வாகத்தைப் பார்த்துக்கொண்டார். போதும் நிறுத்துங்கள் என்று சொல்ல ஆளில்லை.

1976 பிப்ரவரியில் அவர்கள் பதிவுக்கு வந்தபோது வீட்டு நிலவரம் இதுதான். ஜானும் கிறிஸ்டினும் பிரிந்துவிட்டார்கள், இசை சம்பந்தமாக மட்டுமே பேசிக்கொள்வார்கள். பக்கிங்ஹாமும் நிக்ஸும் முறிவின் நடுவில் இருந்தார்கள். மிக் ஃப்ளீட்வுட்டின் மண வாழ்க்கையும் விவாகரத்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. ஐந்து பேரில் ஒருவருக்குக் கூட வீட்டில் நிம்மதி இல்லை.

இடம், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே விரிகுடாவை ஒட்டிய சாசலிட்டோ என்ற சிற்றூர். அங்கே ரெக்கார்ட் பிளான்ட் ஸ்டுடியோ ஜன்னலே இல்லாத மரக் கட்டடம். உள்ளே போனால் பகலா இரவா என்று தெரியாது. ஆண்கள் மூவரும் ஸ்டுடியோவைச் சேர்ந்த விடுதியில் தங்கினார்கள், பெண்கள் இருவரும் துறைமுகத்துக்கு அருகே தனி வீடுகள் எடுத்துக்கொண்டார்கள். ஜன்னல் இல்லாதது பலருக்குப் பிடிக்கவில்லை, சிலர் வேறு இடம் போகலாம் என்றார்கள். மிக் ஃப்ளீட்வுட் விடவில்லை. இரவெல்லாம் பதிவு, கூடவே மதுவும் கொக்கெய்னும் என்று இரண்டு மாதத்துக்கும் மேல் அங்கே ஓடியது. பிறகு லாஸ் ஏஞ்சலஸில் வெவ்வேறு ஸ்டுடியோக்களில் வேலை தொடர்ந்தது. ஒலிப்பதிவைக் கவனித்த கென் கலே, ரிச்சர்ட் டாஷட் இருவருக்கும் குழுவோடு சேர்த்துத் தயாரிப்பாளர் என்ற பெயரும் கிடைத்தது.

இங்கே தொழில்நுட்பத்தைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் இந்த ஆல்பத்தின் உயிர்நாடி அதில்தான் இருக்கிறது. சாசலிட்டோவில் இருந்தது 24 டிராக் டேப் இயந்திரம். இரண்டு அங்குல அகல டேப்பில் பக்கத்துப் பக்கத்தில் 24 தனித்தனிப் பாதைகள். டிரம்ஸுக்குச் சில, பேஸுக்கு ஒன்று, கிட்டாருக்குச் சில, ஒவ்வொரு குரலுக்கும் ஒன்று எனப் பிரித்துக்கொள்ளலாம். ஒரு பாதையை அழித்துப் புதிதாகப் பாடலாம். மற்றதெல்லாம் அப்படியே இருக்கும். ஒருவர் பிப்ரவரியில் வாசித்ததோடு இன்னொருவர் அக்டோபரில் சேர்ந்து பாடலாம். நேருக்கு நேர் பேச முடியாத ஐந்து பேருக்கு இதைவிடத் தோதான கருவி கிடையாது. ஒருவர் உள்ளே பாட, மற்றவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்கலாம். வேண்டாமென்றால் வெளியே போய்விடலாம். அடிப்படைத் தாளத்தை மட்டும் கூட்டாக வாசித்தார்கள், மற்றதை மாதக் கணக்கில் அடுக்கடுக்காகச் சேர்த்தார்கள். அந்த அடுக்குகளின் இடைவெளியில்தான் பிரிவும் சேர்க்கையும் ஒன்றாகக் குடியிருக்கின்றன.

'கோ யுவர் ஓன் வே' பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நிக்ஸைப் பார்த்து பக்கிங்ஹாம் எழுதியது. அதில் ஒரு வரி தன் நடத்தையைப் பற்றிச் சொல்வது உண்மையில்லை, எடுத்துவிடு என்று நிக்ஸ் கேட்டார். அவர் எடுக்கவில்லை. அந்தப் பாட்டின் பல்லவியில் பின்னணிக் குரல்களில் ஒன்று நிக்ஸுடையது. தன்னைக் குறை சொல்லும் பாட்டுக்குத் தானே சுதி சேர்த்துப் பாடியிருக்கிறார், அதுவும் ஒரு பிசிறு இல்லாமல். பிறகு பல வருடங்கள் மேடையிலும் பாடினார்.

அதே பாட்டில் டிரம்ஸைக் கவனியுங்கள். பக்கிங்ஹாம் மனத்தில் ஒரு தாளம் வைத்திருந்தார், அதை மிக் ஃப்ளீட்வுட்டுக்குச் சொல்லிக் காட்டினார். மிக் அதை அப்படியே வாசிக்கவில்லை, கைக்கு வந்த விதத்தில் மாற்றி, அழுத்தம் விழ வேண்டிய இடத்தைத் தள்ளிப் போட்டார். சரணத்தில் எங்கே முதல் தட்டு என்று காது தடுமாறும். பல்லவி வந்ததும் தாளம் நேராகி, பாட்டு பாய்ந்து ஓடும். கோபத்தின் தடுமாற்றமும் அது உடைத்துக்கொண்டு வெளிவருவதும் டிரம்ஸிலேயே இருக்கின்றன. வரிகள் புரியாதவருக்கும் இது புரியும்.

அதற்கு நிக்ஸின் பதில்போல அமைந்தது 'ட்ரீம்ஸ்'. ரெக்கார்ட் பிளான்ட் கட்டடத்தில் ஃபங்க் இசைக் கலைஞர் ஸ்லை ஸ்டோனுக்காக அமைத்த ஓர் அறை இருந்தது, கறுப்பும் சிவப்புமாய் அலங்கரித்த அறை, நடுவே பெரிய படுக்கை. மற்றவர்கள் பதிவில் இருந்தபோது நிக்ஸ் கீபோர்டையும் ஒரு சின்ன கேசட் ரெக்கார்டரையும் எடுத்துக்கொண்டு போய் அங்கே உட்கார்ந்தார். பத்து நிமிடத்தில் பாட்டு முடிந்தது. கொண்டுவந்து மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டியபோது கிறிஸ்டினுக்குப் பெரிதாகப் படவில்லை. அவர் காதுக்கு அது சுற்றிச் சுற்றி வரும் இரண்டு மூன்று கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டுகள்), அவ்வளவுதான். பிரிந்துபோகும் காதலியின் பாட்டை எடுத்து அதற்கு வடிவம் கொடுத்தவர் பக்கிங்ஹாம். கார்டுகளைத் தொடாமல், ஒவ்வொரு பகுதிக்கும் வேறு வேறு ஒலியைக் கொடுத்து, ஒரே வழியில் நடந்தும் மூன்று இடங்களைக் கடந்துவந்த உணர்வை உண்டாக்கினார். சாசலிட்டோ பதிவிலிருந்து டிரம்ஸும் நிக்ஸின் குரலும் நின்றன. மற்றவர்கள் வாசிக்க வழிகாட்டியாகச் சும்மா பாடிய குரல் அது. பின்னால் எத்தனை முயன்றும் அதை மிஞ்ச முடியாததால் அதையே வைத்துக்கொண்டார்கள். மற்ற வாத்தியங்கள் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸில் சேர்ந்தவை. ஃப்ளீட்வுட் மேக்கின் பாட்டுகளில் அமெரிக்க சிங்கிள்ஸ் (தனித் தட்டாக வரும் பாட்டுகள்) பட்டியலில் முதலிடம் போனது இது ஒன்றுதான், 1977 ஜூனில்.

கிறிஸ்டின் மெக்வீயின் பாட்டுகளில் வேறொரு சிக்கல். 'யூ மேக் லவிங் ஃபன்' அவருடைய புதிய காதலைப் பற்றியது. ஜானிடம் அது தன் நாயைப் பற்றிய பாட்டு என்று சொல்லிவைத்தார். 'டோன்ட் ஸ்டாப்' பாட்டு ஜானைப் பார்த்து, நடந்ததை விட்டுவிட்டு முன்னே பார் என்று சொல்வது. இரண்டுக்கும் பேஸ் வாசித்தவர் ஜான். எந்த இடத்திலும் மனம் இல்லாமல் வாசித்ததாகத் தெரியவில்லை. என் காதுக்கு இந்த ஆல்பத்தின் நாயகன் அந்த பேஸ்தான்.

சின்னச் சின்ன ஒலிகளுக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட சிரமத்தைச் சொல்லாமல் விட முடியாது. 'செகண்ட் ஹேண்ட் நியூஸ்' பாட்டில் டிரம்ஸுக்குப் பக்கத்தில் தட்டுகிற இன்னொரு சத்தம் கேட்கும். செயற்கைத் தோல் போர்த்திய நாற்காலியின் இருக்கையை பக்கிங்ஹாம் தட்டியது அது. 'கோல்ட் டஸ்ட் உமன்' பாட்டின் முடிவில் கண்ணாடி நொறுங்கும் ஒலிக்காக மிக் ஃப்ளீட்வுட் கண்ணாடித் தகடுகளைச் சுத்தியலால் உடைத்தார். 'நெவர் கோயிங் பேக் அகெய்ன்' பாட்டில் இருப்பதோ பக்கிங்ஹாமின் குரலும் விரலால் மீட்டும் கிட்டாரும்தான். புதுக் கம்பியின் பளபளப்பு கொஞ்ச நேரத்தில் மங்கிவிடுகிறது என்பதைக் கலே கவனித்தார். இருபது நிமிடத்துக்கு ஒரு தடவை கிட்டாரின் எல்லாக் கம்பிகளையும் கழற்றிப் புதிது மாட்டச் சொன்னார். மாட்டிச் சுதி சேர்ப்பதற்கும் நேரம் வேண்டும், அதற்குள் கம்பி தொய்யும், திரும்பச் சுதி பார்க்க வேண்டும். நாள் முழுக்க உதவியாளர்களுக்கு இதே வேலை. அந்தப் பாட்டை நல்ல ஹெட்போனில் கேட்டால் ஒவ்வொரு மீட்டும் தனித்தனி மணியாகக் காதில் விழும்.

'சாங்பேர்ட்' இந்த அடுக்கு வேலைக்கு நேர் எதிர். ஒருநாள் நடுராத்திரியில் கிறிஸ்டினுக்கு மெட்டும் வரிகளும் சேர்ந்தே வந்தன, அரை மணி நேரத்தில் முழுப் பாட்டும் முடிந்தது. பதிவு செய்துவைக்கக் கையில் ரெக்கார்டர் இல்லை. தூங்கினால் மறந்துவிடும் என்று பயந்து, விடிந்து ஸ்டுடியோ திறக்கும்வரை விழித்திருந்தார். அவர் தனியாக வாசித்துக் காட்டியதைக் கேட்ட கலேவுக்கு, இதைச் சின்ன அறைக்குள் பதிவு செய்யக்கூடாது என்று தோன்றியது. பெர்க்லியில் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஸெல்லர்பாக் அரங்கத்தை ஓர் இரவுக்கு எடுத்தார்கள். யாரும் இல்லாத அரங்கம், மேடையில் பெரிய ஸ்டைன்வே பியானோ, மேலே ஒரு கொத்து ரோஜா, அதன்மீது வண்ண விளக்கு. அரங்கம் முழுக்க மைக்குகள். பியானோ, குரல், மண்டபத்தின் எதிரொலி எல்லாம் ஒன்றோடொன்று கலந்து பதிவாவதால் தப்பான இடத்தை மட்டும் வெட்டித் திருத்த முடியாது. தப்பு வந்தால் முதலிலிருந்து பாட வேண்டும். தாளம் தவறாமல் இருக்க பக்கிங்ஹாம் ஓரமாக நின்று கிட்டார் வாசித்துக் கொடுத்தார். காலை வரை பாடிப் பாடித்தான் முழுதாக ஒன்று கிடைத்தது. மற்ற பாட்டுகளின் இறுக்கத்துக்கு நடுவே இது மட்டும் மூச்சு விடுவதுபோல இருப்பதற்கு மெட்டு பாதிக் காரணம், அந்த மண்டபம் மீதி.

இனி 'தி செயின்'. ஐந்து பேர் பெயரிலும் வந்த ஒரே பாட்டு இதுதான், அந்தப் பெயர்ப் பகிர்வும் சும்மா வரவில்லை. தொடக்கத்தில் இது 'கீப் மீ தேர்' என்ற பெயரில் கிறிஸ்டின் எழுதிய வேறொரு பாட்டு. சரணம் யாருக்கும் திருப்தி தரவில்லை. முடிவில் ஜான் மெக்வீ வாசித்த பேஸ் மட்டும் எல்லோருக்கும் பிடித்துப்போனது: மற்ற வாத்தியங்கள் அடங்கி, பேஸ் தனியாகப் படியிறங்கி வரும், பிறகு டிரம்ஸும் கிட்டாரும் பாய்ந்து சேரும் இடம். அதை வைத்துக்கொண்டு மீதியை வெட்டி எறிந்தார்கள். நடுவில் ஒரு புதுப் பகுதியைப் பதிவு செய்து ஒட்டினார்கள். அதற்கப்புறம் பாட்டு துண்டு துண்டாகவே பல மாதம் கிடந்தது, ஆல்பத்திலிருந்தே விட்டுப்போயிருக்கும். பிறகு நிக்ஸ் எழுதிவைத்திருந்த வரிகள் சரணத்துக்குப் பொருந்தின. அதற்கேற்ற இசையைப் புதிதாக வாசித்து, முடிவிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டுவந்து சரியான இடத்தில் இணைத்தார்கள்.

இணைத்தார்கள் என்றால் கணினியில் இல்லை. டேப்பை கையால் முன்னும் பின்னும் நகர்த்தி, டிரம்ஸின் அடி விழும் புள்ளியைப் பென்சிலால் குறித்து, பிளேடால் சாய்வாக வெட்டி, அடுத்த துண்டின் முனையோடு ஒட்டு நாடாவால் ஒட்டுவது. 24 பாதைகளும் ஒரே வெட்டில் போகும். வெட்டு ஒரு மயிரிழை தவறினால் தாளம் தடுக்கும். பல்லவிக்குப் பிறகு பாட்டு நின்று பேஸ் ஆரம்பிக்கும் இடத்தைக் கேட்டுப் பாருங்கள்; அந்த இரண்டு பக்கமும் வேறு வேறு காலத்தில், வேறு வேறு பாட்டாக இருந்தவை. அந்த பேஸ் பகுதியைத்தான் பிபிசி 1978-இலிருந்து ஃபார்முலா ஒன் கார் பந்தய ஒளிபரப்புக்கு முகப்பிசையாகப் போட்டது. பிரிட்டனில் பாட்டின் பெயர் தெரியாதவர்களுக்கும் அந்த இசை தெரியும்.

இப்படி மாதக் கணக்கில் ஒரே டேப்பை ஓட்டியதில் ஒரு பெரிய ஆபத்து காத்திருந்தது. டேப் என்பது மெல்லிய பிளாஸ்டிக் நாடாவின்மேல் பூசிய இரும்பு ஆக்சைடுத் துகள். இயந்திரத்தின் தலைப்பகுதியில் உரசி ஓடும் ஒவ்வொரு தடவையும், தினம் துலக்கும் பாத்திரத்தின் முலாம் போவதுபோல, அந்தப் பூச்சு அணுவணுவாகத் தேயும். முதலில் போவது மிக உயர்ந்த சுருதி ஒலிகள்: சிம்பலின் சலசலப்பு, ஸ்நேர் டிரம்மின் கூர்மை. ஒவ்வொரு புது அடுக்கைச் சேர்க்கவும் டேப் ஆரம்பத்திலிருந்து ஓடியாக வேண்டும், ஆயிரக்கணக்கான ஓட்டங்கள். ஒரு கட்டத்தில் டிரம்ஸ் உயிரில்லாமல் ஒலிப்பதைக் கலேயும் டாஷட்டும் உணர்ந்தார்கள். உயர்ந்த ஒலி, தாழ்ந்த ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரைத் திருகிப் பார்த்தார்கள். தேய்ந்துபோன ஒலி எந்தக் குமிழைத் திருகினாலும் வராது.

காப்பாற்றியது முன்யோசனை. அடிப்படைத் தாளப் பதிவின் முதல் தலைமுறைப் பிரதி ஒன்று, அதிகம் ஓடாமல், பத்திரமாக இருந்தது. அதில் டிரம்ஸ் புத்தம் புதுசு. பழைய டேப்பிலோ மாதக் கணக்கில் சேர்த்த குரலும் கிட்டாரும். இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். இன்று இரண்டு இயந்திரங்களை ஒன்றோடொன்று பூட்டி ஓட்ட, ஒலியோடு சேர்த்துப் பதியும் நேரக்குறி இருக்கிறது. அந்த டேப்புகளில் அது இல்லை. எந்த இரண்டு டேப் இயந்திரமும் துல்லியமாக ஒரே வேகத்தில் ஓடாது. லாஸ் ஏஞ்சலஸில் இதற்கென்றே கைதேர்ந்த ஒருவரைப் பிடித்தார்கள். ஹெட்போனின் ஒரு காதில் தேய்ந்த டேப்பின் ஸ்நேரும் ஹைஹேட்டும் (காலால் இயக்கும் ஜோடி சிம்பல்), இன்னொரு காதில் பிரதியின் ஸ்நேரும் ஹைஹேட்டும். இரண்டும் ஒன்றாக விழுந்தால் ஒலி தலையின் நடுவில் நிற்கும். ஒன்று முந்தினால் அந்தப் பக்கம் சாயும். அவர் வேகத்தைக் கட்டுப்படுத்தும் குமிழைக் கையில் பிடித்துக்கொண்டு, ஒலி நடுவிலேயே நிற்கும்படி பாட்டு முழுக்க இம்மி இம்மியாகத் திருத்திக்கொண்டே போனார். ஒரு பாட்டில்லை, பல பாட்டுகள், இரவு முழுக்க. பெயர் பெற்ற ஐந்து கலைஞர்களின் ஒரு வருட உழைப்பு ஒருவருடைய காதையும் விரலையும் நம்பி நின்ற இரவு அது. 'ரூமர்ஸ்' பற்றி எழுதும்போதெல்லாம் இந்த மனிதரைப் பற்றித்தான் அதிகம் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றும்.

வேலை எல்லாம் முடிந்த பிறகும் ஒரு சண்டை பாக்கி இருந்தது, அதற்குக் காரணம் இசைத்தட்டின் இயற்பியல். எல்.பி. தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் சொச்சம்தான் வசதி. ஒலி எத்தனை உரத்ததோ, பேஸ் எத்தனை கனமோ, அத்தனைக்கு ஊசி ஓடும் பள்ளம் பக்கவாட்டில் அகலமாக வளைய வேண்டும். நிமிடம் கூடினால் பள்ளங்களை நெருக்கமாகப் போட வேண்டும். நெருக்கினால் ஒலியைக் குறைத்து பேஸை மெலிய வைக்க வேண்டும். டிரம்ஸுக்கும் பேஸுக்கும் இத்தனை பாடுபட்ட ஒரு ஆல்பத்தில் அதைச் செய்ய யாரும் தயாராக இல்லை. ஏதாவது ஒரு பாட்டு வெளியே போக வேண்டும். போனது, நிக்ஸ் பக்கிங்ஹாமைப் பற்றி எழுதிய 'சில்வர் ஸ்பிரிங்ஸ்'. நீளமான பாட்டு, மெதுவான பாட்டு; ஏற்கெனவே மெதுவானவை நிறைய இருந்தன.

அந்தப் பாட்டின் உரிமையை நிக்ஸ் தன் தாய்க்குப் பரிசாகக் கொடுத்திருந்தார். வாகன நிறுத்துமிடத்தில் வைத்து மிக் ஃப்ளீட்வுட் செய்தியைச் சொன்னபோது நிக்ஸ் கொதித்துப்போனார். அதற்குப் பதிலாக, அவருடைய பழைய பாட்டான 'ஐ டோன்ட் வான்ட் டு நோ'வை அவருக்குத் தெரியாமலேயே மற்றவர்கள் வாசித்துப் பதிவு செய்து வைத்திருந்தார்கள். வேறு வழியின்றி அவர் பாடிக்கொடுத்தார். 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' 1976 டிசம்பரில் வந்த 'கோ யுவர் ஓன் வே' சிங்கிளின் பின்பக்கத்துக்குப் போனது. ஒரு பக்கம் அவர் குற்றச்சாட்டு, திருப்பிப் போட்டால் இவர் பதில். தட்டின் வணிக நியாயங்களை எல்லாம் ஒப்புக்கொண்டாலும், அந்த முடிவு நிக்ஸுக்கு இழைத்த அநியாயம் என்றே நினைக்கிறேன். சொல்லிய விதம் இன்னும் பெரிய அநியாயம்.

ஆல்பத்துக்கு ஜான் மெக்வீ யோசனையில் 'ரூமர்ஸ்' என்ற பெயர் வந்தது. 1977 பிப்ரவரி 4 அன்று வார்னர் பிரதர்ஸ் வெளியிட்டது. அமெரிக்கப் பட்டியலில் விட்டு விட்டு மொத்தம் 31 வாரம் முதலிடம், நான்கு பாட்டுகள் முதல் பத்துக்குள், 1978-இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி. உலகம் முழுக்க 4 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது.

'சில்வர் ஸ்பிரிங்ஸ்' விவகாரம் அதோடு ஓயவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தன் தனித் தொகுப்பில் அதைச் சேர்க்க நிக்ஸ் விரும்பினார். மிக் ஃப்ளீட்வுட் அதைக் குழுவின் தொகுப்புக்காக வைத்துக்கொண்டு விட மறுத்தார், நிக்ஸ் குழுவை விட்டே வெளியேறினார். 1997-இல் ஐவரும் மறுபடி சேர்ந்து 'தி டான்ஸ்' நிகழ்ச்சியைப் பதிவு செய்தபோது, பாட்டின் முடிவுப் பகுதியை நிக்ஸ் பக்கிங்ஹாமின் முகத்தைப் பார்த்தபடி பாடினார். அவர் கிட்டாரை நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே கூடப் பாடினார். இருபது வருடம் பின்பக்கத்தில் கிடந்த பாட்டு அந்தப் பதிவுக்காக கிராமி பரிந்துரை பெற்றது. 2004-இல் 'ரூமர்ஸ்' மறுவெளியீடு வந்தபோது அதில் 'சில்வர் ஸ்பிரிங்ஸ்' சேர்ந்தது. குறுந்தகட்டில் எழுபது நிமிடத்துக்கு மேல் இடம் உண்டு, எதையும் வெளியே எடுக்க வேண்டியிருக்கவில்லை.